தாபரிப்புக் கேட்கிறது பிச்சையா?

பிரிந்துபோன கணவனிடம் ஒரு பெண் செலவுக்குக் காசு கேட்டால், "அவளுக்கு ரோசம் இல்லையோ?" என்று கேட்கிற ஆட்களை நாங்கள் எல்லாரும் கண்டிருக்கிறோம். ஊர்வாய் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் இலங்கையில் தாபரிப்புச் சட்டம் பிறந்த கதையைப் பார்த்தால், சட்டமே முதலில் அப்படித்தான் யோசித்திருக்கிறது.

1841இல் ஆங்கிலேயர் அலைந்து திரிவோருக்கான கட்டளைச்சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். வேலைவெட்டியில்லாமல் திரிகிறவர்கள், பிச்சை எடுக்கிறவர்களோடு, மனைவி பிள்ளைகளைப் பராமரிக்காமல் விட்டு அவர்கள் மற்றவர் கையை எதிர்பார்க்க வைத்தவனுக்கும் அதில் தண்டனை இருந்தது. அவளுக்கு என்ன உரிமை என்பது அங்கே கேள்வியே இல்லை. அவள் தெருவுக்கு வந்து பொதுச் சுமையாகக் கூடாது, அவ்வளவுதான்.

1889இல் 19ஆம் இலக்கத் தாபரிப்புக் கட்டளைச்சட்டம் வந்தது. கைவிடப்பட்ட மனைவி நீதவானிடம் போய் மாதாமாதம் காசு கேட்கலாம். திருமணம் இல்லாமல் பிறந்த பிள்ளைக்கும் தகப்பனிடம் கேட்கலாம். அந்தக் காலத்துக்கு அது சின்ன விசயமில்லை. ஆனால் தகுந்த காரணமின்றிக் கணவனோடு வாழ மறுத்தால் காசில்லை. வேறொருவனோடு வாழ்ந்தாலும் இல்லை. நல்ல மனைவியா என்று பார்த்துத்தான் சோறு.

யாழ்ப்பாணத்தில் வேறொரு கணக்கும் இருந்தது. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமையில் 'தேடியதேட்டம்' என்றொரு சொல் உண்டு: கலியாணத்துக்குப் பிறகு தேடிய சொத்து, இரண்டு பேருக்கும் பங்கு. அது பங்கு, தயவில்லை. (அதே தேசவழமைப் பெண் தன்ர சீதனக் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேணும் என்று 1911ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லுது. அதனால ரொம்பவும் புளகாங்கிதப்பட வேண்டாம்.) காணிபூமி தேடாத குடும்பத்தில் பங்கு கேட்க என்ன இருக்கு?

1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டம் 1889ஐ நீக்கியது. இப்போது மனைவி மட்டுமில்லை, தன்னைப் பராமரிக்க முடியாத கணவனும் கேட்கலாம். 'தன்னைப் பராமரிக்க முடியாத' என்ற அந்த நிபந்தனையில் 1841இன் வாசம் இன்னும் அடிக்குது.

இனித்தான் பலர் தவறவிடுகிற இடம். நீதவான் நீதிமன்றத்தில் கிடைக்கும் தாபரிப்பு வாழ்க்கைத்துணைக்கு உரியது. விவாகரத்துத் தீர்ப்பு வந்தால் அவள் மனைவி இல்லை. பிள்ளைக்கான காசு தொடரும், அவளுக்கானது நின்றுவிடும். பிறகு வருவது வேறு வாசல்: மாவட்ட நீதிமன்றம், குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 615ஆம் பிரிவு. அதுவும் 1889இல் பிறந்ததுதான். விவாகரத்து வழங்கும்போது மொத்தமாகவோ மாதாமாதமோ பணம் கட்டச் சொல்லி, அல்லது சொத்தை எழுதிக் கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிடலாம். நிலைமை மாறினால் அந்த உத்தரவைப் பிறகு கூட்டவோ குறைக்கவோ முடியும். முஸ்லிம் சட்டத்துக்கும் கண்டியச் சட்டத்துக்கும் தனி வழிகள் உண்டு. அவை தனிக் கட்டுரைக்குரியவை.

'நியாயமென்று கருதினால்' கொடுக்கலாம் என்பதுதான் 615. தானாக வராது, கேட்க வேணும். வழக்குச் சீக்கிரம் முடிந்தால் போதும் என்ற களைப்பில் "எனக்கு ஒண்டும் வேண்டாம்" என்று கையெழுத்து வைக்கிறவர்கள், பிள்ளைகளை வளர்க்க வேலையை விட்ட வருசங்களையும் சேர்த்துத்தான் அந்தத் தாளில் விட்டுக்கொடுக்கிறார்கள்.