குதிரையின் உடல் வெப்பத்தை அளப்பது எப்படி?

நெடுந்தீவின் தெற்கு வெளியில் கோடையில் ஒரு குதிரை விழுந்து கிடந்தால் "தண்ணியில்லாமல் விழுந்திட்டுது" என்பார்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆனாலும் உள்ளே காய்ச்சலா, உயிர் ஒடுங்கி உடம்பு குளிர்கிறதா என்பதைத் தொட்டுப் பார்த்து அறிய முடியாது. வெயிலில் கிடக்கும் தோல் எப்படியும் சுடும்.

நான் மாடு வளர்த்த வீட்டுப் பிள்ளை. பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்களிடம் ஒரேயொரு பாதரச வெப்பமானிதான் இருந்தது. அதைப் பசுவுக்கு வைத்து அம்மாவிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். 1995 இடப்பெயர்வில் மாடுகளை அவிழ்த்துவிட்டு நடந்தோம். வெப்பமானி மட்டும் சட்டைப்பையில் கூட வந்தது.

குதிரைக்கும் இன்றுவரை நம்பகமான கருவி அதுதான். பாதரசத்துக்குப் பதிலாக மருந்துக்கடையில் கிடைக்கும் டிஜிட்டல் வெப்பமானி போதும். நுனியில் வாஸ்லின் தடவி, மலவாசலுக்குள் மெல்லச் செலுத்தி, உட்சுவரைத் தொடும்படி சற்றே சரித்துப் பிடிக்க வேண்டும். சாணத்துக்குள் குத்தி நின்றால் அளவு குறைத்துக் காட்டும். பின்னால் நிற்காதீர்கள், உதை விழும். இடுப்போடு ஒட்டிப் பக்கவாட்டில் நில்லுங்கள். வெப்பமானியில் நூல் கட்டி வால்மயிரில் கொளுவிவிட்டால் உள்ளே போய்விடாது. வளர்ந்த குதிரைக்கு 37.5 முதல் 38.5 பாகை செல்சியஸ் இயல்பு. குட்டிக்குச் சற்றுக் கூட இருக்கும். ஓடிவந்த உடனே அளந்து காய்ச்சல் என்று பயப்பட வேண்டாம்.

கொரோனா காலத்தில் எங்கள் நெற்றிக்கு நேரே நீட்டிய துப்பாக்கிக் கருவி தோலின் சூட்டையே காட்டும். மயிர், வெயில், காற்று எல்லாம் அதைக் குழப்பும். வெப்பப் படக் கமராவும் அப்படித்தான். ஆனாலும் பல குதிரைகளில் எது அதிகம் சூடேறியது என்று தூரத்திலிருந்தே பிரித்தறிய அது உதவும். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அதற்காகவே பயன்படுத்தினார்கள். கழுத்தில் ஏற்றும் அரிசிமணி அளவான மைக்ரோசிப்பிலும் வெப்பம் காட்டும் வகை உண்டு. வாசிக்கும் கருவியைக் கழுத்துக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டும். ஆளைக் கண்டதும் ஓடும் நெடுந்தீவுக் குதிரையிடம் அது நடக்கிற காரியமா?

அக்குதிரைகள் காட்டுக் குதிரைகளாகவே திரிபவை. அவற்றைப் பிடித்து அளப்பது கால்நடை வைத்தியரின் வேலை. நாங்கள் செய்யக்கூடியது, தூர நின்று விலாவைப் பார்த்து மூச்சை எண்ணுவது. ஓய்வில் நிமிடத்துக்கு 8 முதல் 16 வரை இருக்கும். நிழலில் நின்றும் வேகம் தணியாவிட்டால் உடனே அறிவியுங்கள்.

வளர்ப்புக் குதிரை வெயிலில் உழைத்து 40 பாகையைத் தாண்டினால் காத்திருக்க வேண்டாம். நிழலில் நிறுத்தி, உடம்பு முழுவதும் குளிர்ந்த நீரை விடாமல் ஊற்றுங்கள். சூடான குதிரைக்குக் குளிர்நீர் கூடாது என்ற பழைய பயம் பிழையானது. வைத்தியருக்கு ஆள் அனுப்பிவிட்டு இடையிடையே அளந்து, 39க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்தலாம். விழுந்து கிடக்கும் மிருகத்தின் வாயில் மட்டும் தண்ணீரைப் பருக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் போய்விடும்.