கல் இல்லாத தீவில் பிறந்த பிரகாரம்

மதுரைச் சீமையில் கல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனையூரிலிருந்து ஊரைச் சுற்றிவந்தால் ஆனைமலை, நாகமலை, பசுமலை என்று ஏதாவது ஒரு பாறை கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். அதனால்தானோ என்னவோ, இராமேசுவரம் கோயிலின் மூன்றாம் பிரகாரத்தில் முதன்முதலாக நின்றபோது எனக்குள் எழுந்தது ஒரே கேள்வி: இத்தனை கல் இங்கே எப்படி வந்தது? மன்னார் வளைகுடாவுக்கும் பாக் நீரிணைக்கும் நடுவே கிடக்கும் அந்தத் தீவில் தோண்டினால் மணல், இல்லையென்றால் பவழப்பாறை. கருங்கல் கிடையாது.

தலபுராணமே இந்தக் குறையிலிருந்துதான் தொடங்குகிறது. இராவணனைக் கொன்ற பழி தீரச் சிவபூசை செய்ய நினைத்தார் இராமர். லிங்கம் கொண்டுவரக் கயிலைக்குப் போன அனுமன் குறித்த நேரத்தில் திரும்பவில்லை. நல்ல நேரம் தப்பக் கூடாதென்று சீதை கடற்கரை மணலையே லிங்கமாகப் பிடித்துவைத்தார். அவர்தான் இராமநாதர். பிந்தி வந்த லிங்கம் விசுவலிங்கமாக நின்றது; அனுமன் மனம் நோகாதபடி அதற்கே முதல் பூசை. இன்றும் அந்த வரிசை மாறவில்லை.

வரலாற்றிலும் கல் பிந்தித்தான் வந்தது. அப்பரும் சம்பந்தரும் 7ஆம் நூற்றாண்டிலேயே பாடிய தலம் இது. ஆனாலும் சுவாமி வெகுகாலம் கூரைக் குடிலில்தான் இருந்தார் என்றும், 12ஆம் நூற்றாண்டில் இலங்கை மன்னர் பராக்கிரமபாகு கருவறையைக் கல்லால் எடுப்பித்தார் என்றும் சொல்வார்கள்.

பிரகாரத்துக்கு வித்திட்டதில் மதுரைக்கும் பங்குண்டு. சேது யாத்திரை வழியில் அப்போது கள்வர் பயம். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர், சடைக்கத் தேவரைச் சேதுபதியாக்கி அந்த வழியை ஒப்படைத்தார். சேதுவின் காவலர் என்பதே பட்டத்தின் பொருள். வழியைக் காத்த மரபினர் வழிநெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். கோயிலையும் சுற்றுச் சுற்றாக வளர்த்தார்கள். அந்த வரிசையில் கடைசியாக, 18ஆம் நூற்றாண்டில், முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் நிறைவு பெற்றதுதான் மூன்றாம் பிரகாரம்.

கிழக்கு மேற்காக 690 அடி, வடக்கு தெற்காக 435 அடி. ஒரு சுற்று வந்தால் 2,250 அடி. இருபுறமும் உயர்ந்த மேடை; மேடைமேல் மொத்தம் 1,212 தூண்கள். ஒவ்வொன்றும் கடல் கடந்து வந்த கல். பாலம் என்ற பேச்சே இல்லாத காலம் அது. மதுரையில் மண்டபம் எடுக்க வண்டியும் மாடும் போதும். அங்கே காற்றும் நீரோட்டமும் அனுமதிக்க வேண்டும். இவ்வளவையும் முடித்துவைத்த சேதுபதியைக் கிழக்கிந்தியக் கும்பினியார் 1795இல் பதவி இறக்கிச் சிறைவைத்தார்கள். 1809இல் சிறையிலேயே அவர் உயிர் பிரிந்தது. பிரகாரத்தில் நடக்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வரும்.

1914இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கும்வரை தீவுக்குப் படகுதான் வழி. பாலம் வந்த பிறகும் படகின் மதிப்பு குறையவில்லை. அப்துல் கலாமின் தந்தை ஜைனுலாப்தீன் பக்தர்களைத் தனுஷ்கோடிக்குப் படகில் ஏற்றிச் சென்றவர். சீதாராம கல்யாணத்துக்கு, இராமர் தீர்த்தத்தின் நடுவிலிருக்கும் இடத்துக்குச் சுவாமியைக் கொண்டுபோகப் படகு ஏற்பாடு செய்ததும் அந்தக் குடும்பம்தான். கோயில் குருக்கள் பட்சி லட்சுமண சாஸ்திரிகள் ஜைனுலாப்தீனுக்கு உற்ற நண்பர். கடலைத் தாண்டி வருகிற எதையும் யாரையும் கரைசேர்ப்பது அந்தத் தீவின் பழக்கம். பிரகாரத்தைக் கட்டியதும் அந்தப் பழக்கம்தான் என்று நான் நம்புகிறேன்.

22 தீர்த்தங்களும் ஆடி முடித்தவர்கள் ஈரத்துணியோடு அந்தத் தூண்களுக்கு நடுவே நடந்துவருவதைப் பார்க்க வேண்டும். வெளியே சுடும் வெயில். உள்ளே கல்லின் குளிர்ச்சி. வடக்கிலிருந்து வந்தவர்கள் பலர் சேது மணலைத் துணியில் முடிந்து எடுத்துப்போவார்கள். பிரயாகையில் அதைக் கரைத்துவிட்டு, கங்கை நீரோடு மறுபடி இராமநாதரிடம் வருவார்கள். கல் வந்த கடலைத் தாண்டி, இன்றும் ஒரு பிடி மணல் போய்க்கொண்டிருக்கிறது.