அணியும் அதிபரும்: சென்னை சூப்பர் கிங்ஸ் வழக்கின் வரலாறு

அணியின் அதிபர் வழக்கில் சிக்கும்போது அந்த அணியை நேசிக்கும் ரசிகர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்னும் கேள்வியைத் தமிழ்நாட்டில் முதன்முறையாகப் பெரிய அளவில் எழுப்பியது, 2013 முதல் 2018 வரை சென்னை சூப்பர் கிங்ஸ் அணி எதிர்கொண்ட நெருக்கடியாகும். ஐரோப்பாவில் கால்பந்துக் கழகங்களைச் சுற்றி நெடுங்காலமாக நடந்துவரும் இந்த விவாதம், இங்கே கிரிக்கெட்டைச் சுற்றி நடந்தது. சேப்பாக்கம் மைதானத்திலிருந்து சாலை வழியாக 250 கிலோமீட்டருக்கும் அப்பால், தனக்கென்று தொழில்முறை அணி எதுவும் இல்லாத அரூர் போன்ற வட்டத் தலைநகரங்களில், ரசிகர் அந்த அணியை அறிந்தது பெரும்பாலும் தொலைக்காட்சி வழியாகத்தான். அரங்கின் நுழைவுச்சீட்டோ அதிபரின் அலுவலகமோ அவருக்கு எட்டாதவை. அவருக்கு எட்டியவை ஆட்டமும் அதைப் பற்றிய பேச்சும் மட்டுமே.

அணியின் அதிபராக இந்தியா சிமெண்ட்ஸ் என்னும் சிமெண்ட் நிறுவனம் அமைந்தது தற்செயலானதன்று. சென்னையின் லீக் கிரிக்கெட், அதாவது தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் பல பிரிவுகளாக நடத்திவரும் கழகப் போட்டிகள், பல பத்தாண்டுகளாகக் கம்பெனிகளின் ஆதரவில் வளர்ந்தவை. ஜாலி ரோவர்ஸ் அணியை 1966 முதல் சன்மார் குழுமம் பேணிவந்தது. இந்தியா பிஸ்டன்ஸ் அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் அணி. இந்தியா சிமெண்ட்ஸும் பல கழக அணிகளை நடத்தியது. ஆட்டக்காரருக்குக் கம்பெனியில் வேலை கிடைக்கும். காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு மாலையில் வலைப்பயிற்சிக்குப் போகும் வாழ்க்கை, தொழில்முறை ஒப்பந்தம் என்னும் பேச்சே இல்லாத காலத்தில் நடுத்தரக் குடும்பத்து இளைஞனுக்குப் பெரும் பாதுகாப்பாக இருந்தது. சென்னைக் கால்பந்திலும் இந்தியன் வங்கி, பெரம்பூர் ஐ.சி.எப்., துறைமுகம் ஆகியவற்றின் அணிகள் இதே முறையில்தான் இயங்கின. பெங்களூரைச் சேர்ந்த ராகுல் திராவிட்கூட இந்தியா சிமெண்ட்ஸ் ஊழியராக இருந்தவர். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் ஆடத் தொடங்கிய த. நடராஜன் ஜாலி ரோவர்ஸ் வழியாக மேலே வந்ததும் இந்த ஏற்பாட்டின் பயனே. எனவே கம்பெனிகளின் ஆதரவைச் சுரண்டல் என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

1946இல் தொடங்கப்பட்டுத் திருநெல்வேலிக்கு அருகே தாழையூத்தில் தன் முதல் ஆலையை நிறுவிய இந்தியா சிமெண்ட்ஸ், 2008 ஜனவரியில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில் 9.1 கோடி டாலருக்குச் சென்னை அணியை வாங்கியது. அப்போது நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த என். சீனிவாசன், இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொருளாளராகவும் இருந்தார். வாரியத்தின் விதிகளில் 6.2.4 என்னும் பிரிவு, வாரியம் நடத்தும் ஆட்டங்களில் நிர்வாகி எவருக்கும் நேரடியாகவோ மறைமுகமாகவோ வணிக ஆதாயம் இருக்கக் கூடாது என்று கூறியது. போட்டியை நடத்துபவரே அதில் ஆடும் அணியை உடைமையாகக் கொண்டால் தீர்ப்பு சொல்பவரும் வழக்காடுபவரும் ஒருவரே ஆகிவிடுவர். இந்நிலையே நலன் முரண் எனப்படுகிறது. 2008 செப்டம்பரில் அப்பிரிவு திருத்தப்பட்டு, ஐ.பி.எல். போன்ற போட்டிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. பின்னாளில் வெடித்த அனைத்துக்கும் வேர் இந்த ஒற்றை வரித் திருத்தமே. அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றவர் ஏ.சி. முத்தையா, வாரியத்தின் முன்னாள் தலைவர், சேப்பாக்கம் மைதானம் தாங்கி நிற்கும் பெயருக்குரிய எம்.ஏ. சிதம்பரத்தின் மகன். 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இவ்வழக்கில் மாறுபட்ட தீர்ப்புகளை அளித்தனர். அந்த ஆண்டு சென்னை இரண்டாம் முறையாகக் கோப்பையை வென்றது. திருத்தத்தைப் பற்றி ரசிகர் உலகில் பேச்சு எழவில்லை.

2013 மே 16 அன்று ராஜஸ்தான் ராயல்ஸ் ஆட்டக்காரர் மூவர் ஸ்பாட் பிக்சிங் குற்றச்சாட்டில், அதாவது ஆட்டத்தின் ஒரு சிறு பகுதியைப் பணத்துக்காக முன்கூட்டியே பேசி முடித்ததாக, டெல்லி போலீசாரால் கைது செய்யப்பட்டனர். மே 24 அன்று சீனிவாசனின் மருமகன் குருநாத் மெய்யப்பனை மும்பை போலீசார் பந்தயம் கட்டிய வழக்கில் கைது செய்தனர். இரண்டே நாளில், மே 26 அன்று கொல்கத்தாவில் நடந்த இறுதிப் போட்டியில், 149 ரன் இலக்கைத் துரத்திய சென்னை 125 ரன்னில் நின்று 23 ரன்னில் மும்பையிடம் தோற்றது. எம்.எஸ். தோனி ஏழாவதாக இறங்கி ஆட்டமிழக்காமல் 63 ரன் எடுத்தார். அவர் முன்னதாகவே இறங்கியிருந்தால் கோப்பை கிடைத்திருக்குமா என்பதும், மருமகன் உண்மையில் அணியில் யார் என்பதும் அந்நாட்களில் ஒரே மூச்சில் பேசப்பட்ட கேள்விகள். குருநாத் உரிமையாளரும் அல்லர், தலைமை நிர்வாகியும் அல்லர், நிர்வாகக் குழுவின் கௌரவ உறுப்பினர்களுள் ஒருவர் மட்டுமே என்று இந்தியா சிமெண்ட்ஸ் அறிவித்தது. உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி முகுல் முத்கல் குழு 2014 பிப்ரவரியில் அளித்த அறிக்கையில், அவர் அணியின் அதிகாரியாகவே செயல்பட்டார் என்றும் பந்தயம் கட்டினார் என்றும் கண்டது.

2015 ஜனவரி 22 அன்று நீதிபதிகள் டி.எஸ். தாக்கூர், எப்.எம். இப்ராகிம் கலிபுல்லா ஆகியோர் அளித்த தீர்ப்பு 6.2.4 திருத்தத்தைச் செல்லாததாக்கியது. சீனிவாசன் குற்றத்தை மூடிமறைத்தார் என்னும் குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை என்றும் கூறியது. தண்டனையை முடிவு செய்ய அமைக்கப்பட்ட நீதிபதி ஆர்.எம். லோதா குழு, ஜூலை 14 அன்று குருநாத்துக்கு ஆயுள் தடையும், சென்னை, ராஜஸ்தான் ஆகிய இரு அணிகளின் உரிமையாளர் நிறுவனங்களுக்கு இரண்டாண்டு இடைநீக்கமும் விதித்தது. எட்டுப் பருவங்களில் ஆறு இறுதிப் போட்டிகளை எட்டிய அணி களத்தைவிட்டு வெளியேறியது. ஒருவர் செய்த தவறுக்கு ஆட்டக்காரரும் ரசிகரும் ஏன் தண்டம் கட்ட வேண்டும் என்னும் வாதம் ஊரெங்கும் எழுந்தது. அதில் உண்மை இருந்தது. ஆயினும் ஆட்டத்தின் தூய்மை குலைந்தால் முதலில் ஏமாற்றப்படுபவர் ரசிகரே என்பதால், குழுவின் முடிவு அவருக்கு எதிரானது என்று கொள்வதற்கில்லை.

பிரான்சின் மார்சேய் நகரம் இதற்கு ஒப்பான அனுபவத்தைக் கண்டது. அங்குள்ள கால்பந்துக் கழகத்தின் அதிபர் பெர்னார் தாப்பி, 1993இல் எதிரணி ஆட்டக்காரருக்குக் கையூட்டு கொடுத்த விவகாரத்தில் பின்னர் சிறை சென்றார். கழகம் தேசியப் பட்டத்தை இழந்து இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. இருந்தும் 2021 அக்டோபரில் தாப்பி இறந்தபோது, அவரது உடலுக்குக் கழகத்தின் அரங்கிலேயே ரசிகர்கள் அஞ்சலி செலுத்தினர். தமிழ் ரசிகர் சென்ற வழி வேறு: அதிபரை அவர் கொண்டாடவும் இல்லை, விரட்டவும் இல்லை, அணியை அதிபரிடமிருந்து பிரித்துத் தம்முடையதாக எடுத்துக்கொண்டார்.

2018 ஏப்ரலில் அணி திரும்பியபோது தமிழ்நாடு காவிரி மேலாண்மை வாரியம் கேட்டுப் போராடிக்கொண்டிருந்தது. ஏப்ரல் 10 அன்று சேப்பாக்கத்தில் கொல்கத்தாவுடன் நடந்த ஆட்டத்தின்போது மைதானத்துக்குள் செருப்பு வீசப்பட்டது. எஞ்சிய உள்ளூர் ஆட்டங்கள் புனேவுக்கு மாற்றப்பட்டன. ரசிகர்களை ஏற்றிக்கொண்டு சிறப்பு ரயில் ஒன்று சென்னையிலிருந்து அங்கே போனது. ஒகேனக்கல்லில் காவிரியை வரவேற்கும், அரூர் அடங்கிய தருமபுரி மாவட்டத்தில் பாசன நீரும் அணியின் வருகையும் ஒரே வீட்டுக் கவலைகளாக இருந்தன. மே 27 அன்று ஷேன் வாட்சன் ஆட்டமிழக்காமல் எடுத்த 117 ரன்னில் சென்னை மூன்றாம் முறையாகக் கோப்பையை வென்றதும், வழக்கைப் பற்றிய பேச்சு பெருமளவில் அடங்கிவிட்டது.

அப்படி அடங்கியது நல்லதன்று. எந்த ஓவரை யாருக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்று பந்து பந்தாக அலசத் தெரிந்த ரசிகர் கூட்டம், நிர்வாகிகளின் நலன் முரணையும் அதே கூர்மையுடன் அலசியிருந்தால், 2008ஆம் ஆண்டுத் திருத்தம் ஆறாண்டுகளுக்கும் மேல் நீடித்திருக்காது. 2024 டிசம்பரில் இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் அல்ட்ராடெக் சிமெண்ட் நிறுவனத்தின் கைக்கு மாறியது. 2015லேயே தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டிருந்த சென்னை சூப்பர் கிங்ஸ் அந்த விற்பனையில் சேரவில்லை.