நிரலை எழுதும் நிரல்: மிப் கோப்பு முதல் மத்தளம்பாறை வரை

தென்காசிக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் இருக்கிற மத்தளம்பாறையைப் பற்றி எழுதாத பத்திரிகை இன்று இல்லை. 2011இல் ஸோஹோ நிறுவனம் அங்கே சின்னதாக ஓர் அலுவலகம் திறந்தது. 2019இல் ஸ்ரீதர் வேம்பு அங்கேயே குடிவந்தார். வேட்டி, சைக்கிள், வயல்வரப்பு, பின்னணியில் மலை. படங்கள் நமக்கு மனப்பாடம். இந்தக் கதையில் எப்போதும் ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகிற இடம் ஒன்று உண்டு. அந்த நிறுவனம் ஆரம்பத்தில் என்ன விற்றது? 'நெட்வொர்க் மென்பொருள்' என்று போட்டுவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவார்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியமாகப் படுகிறது. அவர்கள் விற்றவற்றில் ஒன்று, நிரலை எழுதித் தரும் நிரல்.

1996இல் தொடங்கியபோது கம்பெனியின் பெயர் அட்வென்ட்நெட். ஜாவா மொழி வெளிவந்து ஓர் ஆண்டுகூட முழுசாக ஆகாத காலம். அவர்கள் கையில் எடுத்தது எஸ்.என்.எம்.பி. என்ற நெறிமுறை. வலையமைப்பில் கிடக்கும் ரவுட்டர், ஸ்விட்ச், பிரிண்டர் எல்லாவற்றிடமும் தூரத்திலிருந்தே நலம் விசாரிப்பதற்கான ஏற்பாடு அது, 1988இல் உருவானது. விசாரிப்பு என்றால் ரொம்ப எளிமையான விசாரிப்புதான். நீ யாரு? எவ்வளவு நேரமா ஓடிட்டிருக்க? எங்கே இருக்க?

இந்தக் கேள்விகளை ஆளாளுக்கு ஒரு மாதிரி கேட்டால் குழப்பம். அதனால் என்னென்ன கேட்கலாம் என்பதை ஒரு கோப்பில் எழுதிவைத்தார்கள். அதற்குப் பெயர் மிப். 1991இல் வந்த ஆர்.எஃப்.சி. 1213 என்ற ஆவணத்தைத் திறந்தால் அது ஊர்க் கணக்குப்பிள்ளையின் பேரேடு மாதிரி இருக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயர், அது எண்ணா எழுத்தா, படிக்க மட்டுமா அல்லது மாற்றவும் செய்யலாமா, நாலு வார்த்தை விளக்கம், ஒரு முகவரி எண். கருவி எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லும் பொருளின் எண் 1.3.6.1.2.1.1.6. அதை மாற்றலாம், ஏனென்றால் கருவியை வேறு அறைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியும். கருவி என்ன வகை என்பதை மாற்ற முடியாது, படிக்க மட்டும்தான். நிறுவனங்கள் தங்கள் சொந்தப் பொருள்களைச் சேர்த்துக்கொள்ள தனிக் கிளை உண்டு. ஆளுக்கொரு எண். அட்வென்ட்நெட்டுக்குக் கிடைத்தது 2162. பெயர் மாறினாலும் அந்த எண் மாறவில்லை, இன்றும் அவர்களுடைய மேனேஜ்எஞ்சின் மென்பொருள்கள் அந்த எண்ணின்கீழ்தான் பேசுகின்றன.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. இப்படி ஒரு பேரேட்டை ஒழுங்காக எழுதிவிட்டால், அதைக் கையாளும் நிரலின் பெரும்பகுதியை மனிதன் எழுத வேண்டியதே இல்லை. 'படிக்க மட்டும்' என்றால் மதிப்பைத் தரும் ஒரு செயற்கூறு போதும். 'மாற்றலாம்' என்றால் மதிப்பை வாங்கிவைக்க இன்னொன்று வேண்டும். எழுத்து நீளம் 255க்கு மேல் போகக்கூடாது என்று பேரேட்டில் இருந்தால், அந்தச் சோதனையும் தானாக வந்துவிடும். நூறு பொருள்களுக்கு இதைக் கையால் அடித்துக்கொண்டிருப்பவன் ஐம்பதாவதில் நிச்சயம் ஒரு எண்ணைத் தப்பாகப் போடுவான். அட்வென்ட்நெட்டின் ஏஜென்ட் டூல்கிட் செய்தது இதைத்தான். மிப் கோப்பைக் கொடுத்தால் ஜாவாவிலோ சி மொழியிலோ எலும்புக்கூட்டைக் கட்டித் தரும். கருவியிடமிருந்து உண்மையான மதிப்பை எடுக்கும் இடங்கள் மட்டும் காலியாக இருக்கும், அதை மட்டும் ஆள் நிரப்ப வேண்டும்.

யோசனை அவர்களுடையது அல்ல. 1980களின் தொடக்கத்திலேயே ஸெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஆண்ட்ரூ பிரெல்லும் புரூஸ் நெல்சனும் தொலைவில் இருக்கும் கணினியின் செயற்கூற்றை உள்ளூர்க் கூறுபோல அழைக்கும் வழியைக் கட்டினார்கள். 1984இல் வந்த அவர்கள் கட்டுரையில் இடைமுக வரையறையைப் படித்து இரு பக்கத்துக்கும் நிரல் எழுதித் தரும் கருவி இருக்கிறது. பிறகு சன் நிறுவனத்தின் ஆர்.பி.சி.ஜென், 1991இல் கோர்பா, 2001இல் வெப் சர்வீசஸ்காரர்களின் டபிள்யூ.எஸ்.டி.எல். ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அதே வேலையைப் புதுப் பெயரில் செய்தது. கோர்பாவோடு மல்லுக்கட்டியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், நல்ல வார்த்தை வராது.

ஆனால் சென்னையில் இருந்துகொண்டு 1990களில் இதைச் செய்ததற்கு வேறொரு அர்த்தம் இருக்கிறது. அன்றைக்கு இந்திய மென்பொருள் தொழில் பெரும்பாலும் ஆள்கணக்கில் ஓடியது. எத்தனை பேர், எத்தனை மணி நேரம், மணிக்கு எவ்வளவு டாலர். ஒய்2கே வேலை உச்சத்தில் இருந்த நேரம். பழைய கோபால் நிரல்களில் ஆண்டின் இரண்டு இலக்கத்தை நான்காக மாற்றுவதற்கு ஆட்களைக் கப்பலேற்றாத குறைதான். அந்தக் கணக்கில் பார்த்தால் நிரலை எழுதித் தரும் கருவி வியாபாரத்துக்கே விரோதி. நூறு மணி நேர வேலையைப் பத்தாகக் குறைத்தால் பில் தொகை பத்தில் ஒன்றாகும். யாருங்க அதை விரும்புவா? கருவியை விற்கிறவனுக்கு மட்டுமே அது லாபம். சேவை நிறுவனத்துக்கும் தயாரிப்பு நிறுவனத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி எவ்வளவோ பேசுகிறோம், எனக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்கவில்லை.

2001 வாக்கில் தொலைத்தொடர்புக் குமிழி உடைந்தது. கருவி தயாரிக்கும் கம்பெனிகளை நம்பியிருந்த அட்வென்ட்நெட்டின் வாடிக்கையாளர் கூட்டம் கரைந்துபோனது. அவர்கள் மேனேஜ்எஞ்சின் பக்கம் திரும்பினார்கள், 2005இல் ஸோஹோ ரைட்டர் வந்தது, 2009இல் கம்பெனியின் பெயரே ஸோஹோ ஆனது.

எழுதித் தரப்பட்ட நிரலில் ஒரு பழைய தொல்லை உண்டு. கோப்பின் தலையில் 'இதைத் திருத்தாதே' என்று எழுதியிருக்கும். திருத்தினால், அடுத்தமுறை கருவியை ஓட்டும்போது உங்கள் திருத்தம் அழிந்துபோகும். தென்காசிக் கோவிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் இதைப் பழுதுபார்க்கிறவர்களின் காலில் விழுவதாக அந்தக் கோவில் கல்லிலேயே பாட்டாக வெட்டிவைத்திருக்கிறான். நம் கருவிகள் நேர் எதிர், பழுதுபார்க்க வருபவனை வாசலிலேயே விரட்டுகின்றன. காரணம் நியாயமானதுதான். நிரலில் கை வைக்காதே, நிரல் பிறந்த பேரேட்டில் கை வை என்கின்றன. பிழை எங்கே இருக்கிறதோ அங்கேதான் திருத்த வேண்டும்.

மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்த அதே 2011இல்தான் ஸ்வாகரும் வெளிவந்தது. வேர்ட்நிக் என்ற இணைய அகராதி நிறுவனத்தில் டோனி டாம் உருவாக்கியது. இணையத்தில் ஒரு சேவை என்னென்ன கேள்விகளை ஏற்கும், என்ன பதில் தரும் என்பதை ஒரு கோப்பில் எழுதுவது, அதிலிருந்து ஆவணமும் நிரலும் தானாக வருவது. மிப் செய்த அதே வேலை, ரவுட்டருக்குப் பதில் இணையச் சேவைக்கு. 2015இல் அது லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் போனது, ஓபன்ஏபிஐ என்று பெயர் மாறியது. இன்று ஒரு ஓபன்ஏபிஐ கோப்பு இருந்தால் ஜாவா, பைத்தான், பிஎச்பி, ரூபி என்று வேண்டிய மொழியில் அதற்கான நூலகத்தை ஒரு கட்டளையில் பிறப்பித்துக்கொள்ளலாம்.

ஊரில் இருந்து வேலை பார்ப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. ஸோஹோவின் டெஸ்க் மென்பொருள் தென்காசி அலுவலகத்தில் வளர்ந்தது. அதே நிறுவனத்தின் சி.ஆர்.எம்., மெயில், புக்ஸ் எல்லாம் அதனோடு பேச வேண்டும். பக்கத்து மேசைக்காரனைத் தட்டிக் கேட்க முடியாத இடத்தில், எழுதிவைத்த ஒப்பந்தம்தான் பேசும். ஃபைபர் கம்பியும் கரண்டும் மட்டும் போதாது, இந்தப் பேரேடும் ஊருக்கு வர வேண்டியிருந்தது.

சரி, அப்போ கஷ்டம் யாருக்கு? புதிதாக வருகிற பிள்ளைக்கு. பட்டம் கேட்காமல் பன்னிரண்டாவதோ டிப்ளமோவோ முடித்தவர்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்துக் கற்றுத்தரும் பள்ளியை ஸோஹோ 2000களின் நடுவில் சென்னையில் தொடங்கியது. தென்காசிக்கும் அது வந்தது. அப்படி உள்ளே வருகிறவர் எந்த அலுவலகத்திலும் முதல் வருஷம் செய்யும் வேலை என்ன? ஒரே மாதிரி வரிகளைத் திரும்பத் திரும்ப எழுதுவது, ஒரு புலத்தைச் சேர்ப்பது, சோதிப்பது. ஏணியின் கீழ்ப்படி அது. பேரேட்டிலிருந்து நிரல் பிறப்பிக்கும் கருவி அந்தப் படியைக் கொஞ்சம் அறுத்தது, இப்போது செயற்கை நுண்ணறிவு மிச்சத்தையும் அறுக்கிறது. 'புது வேலைகள் வரும்' என்று மேடையில் சொல்கிறவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை. வரலாற்றில் இதுவரை எந்தக் கருவியும் தின்னாத பகுதி ஒன்று இருப்பதை மட்டும் சொல்லலாம். பேரேட்டில் என்ன எழுதுவது என்ற முடிவு அது. ஆரம்ப ஆண்டுகளில் நம்மவர்கள் வேறெங்கோ எழுதப்பட்ட மிப் கோப்புகளைப் படித்து நிரலாக்கினார்கள். இப்போது உலகம் படிக்கும் பேரேடுகள் இங்கேயும் எழுதப்படுகின்றன. அந்த முடிவைப் பழக்கதோஷத்தில் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சின்ன உதாரணம்.

ஸோஹோ சி.ஆர்.எம்.மில் ஒரு தொடர்பைச் சேர்க்கும்போது 'முதல் பெயர்' இல்லாவிட்டாலும் பரவாயில்லை, 'கடைசிப் பெயர்' கட்டாயம். சேல்ஸ்ஃபோர்ஸிலும் அப்படியே, இந்தத் துறையின் பழைய அமெரிக்க வழக்கம் அது. தென்காசி மாவட்டத்தில் ஒருவர் பெயர் மா. குத்தாலிங்கம் என்று வைத்துக்கொள்வோம். மா என்பது அப்பா பெயரின் முதலெழுத்து. இவருக்குக் கடைசிப் பெயர் எது? சிலர் 'மா' என்று போடுவார்கள், சிலர் பெயரையே அங்கே போட்டு முன்னால் காலியாக விடுவார்கள், சிலர் ஒரு புள்ளி வைத்துத் தப்பிப்பார்கள். கட்டாயம் என்ற அந்த ஒற்றைக் குறிப்பு பேரேட்டில் இருக்கும்வரை, அதிலிருந்து பிறக்கும் ஜாவா நூலகமும் பைத்தான் நூலகமும் குத்தாலிங்கத்திடம் அதே கேள்வியைக் கேட்கும். கருவிக்கு இதில் பிழையே கிடையாது, சொன்னதைத்தான் செய்கிறது.

ஓபன்ஏபிஐ கோப்பில் கட்டாயப் புலங்களுக்கென்று ஒரு பட்டியல் இருக்கும். அதிலிருந்து ஒரு சொல்லை எடுத்துவிட்டுக் கருவியை மறுபடி ஓட்டினால் எல்லா மொழியிலும் சோதனை போய்விடும். எடுப்பது ஒரு நிமிஷ வேலை. ஆனால் கடைசிப் பெயர் எப்போதும் வரும் என்று நம்பி எழுதப்பட்ட வாடிக்கையாளர்களின் பழைய நிரல்கள் எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்கின்றன, ஒரு நாள் காலையில் அந்த இடம் காலியாக வந்தால் அவை விழும். அதனால் புதிய பதிப்பு எண் போட வேண்டும், பழையதையும் வருஷக்கணக்கில் சேர்த்து ஓட்ட வேண்டும், அதற்கு ஒரு கூட்டத்தில் யாராவது எழுந்து, எங்க ஊர்ல கடைசிப் பெயரே கிடையாதுங்க என்று ஆரம்பிக்க வேண்டும்.