மதுவும் நோயும் மகளிரும்

ஆனி, ஆடித் திங்களில் குற்றாலத்திற்கு வருவோருள் ஒரு சாரார் நீராடுவதற்கு மட்டும் வருவதில்லை. நோய் தீரவேண்டும் என்றும் வருகிறார்கள். மூலிகைகளைத் தழுவி வரும் அருவிநீர் உடற்பிணியைப் போக்கும் என்பது இப்பகுதியின் நெடுநாளைய நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நான் இங்கே ஆராயப் போவதில்லை. அருவிக்கரைக் கடைத்தெருவில் மூலிகை விற்போரிடம், "காமாலைக்கு என்ன இருக்கிறது?" என்று கேட்டுப் பாருங்கள், கீழாநெல்லியை எடுத்து நீட்டுவார்கள். அந்தச் சிறு செடிக்கு ஒரு வரலாறு உண்டு. அதன் வழியாகவே இன்றைய பொருளுக்குள் நுழைவோம்.

அமெரிக்க அறிஞர் பாருக் பிளம்பர்க், ஆஸ்திரேலியப் பழங்குடி மகன் ஒருவரின் குருதியில் கண்ட ஒரு புதிய பொருளைப் பற்றி 1965இல் எழுதினார். அது ஹெபடைடிஸ் 'பி' என்னும் ஈரல் அழற்சி வைரஸின் மேலுறை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அதற்காக 1976இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவரோடு சேர்ந்து சென்னைப் பல்கலைக்கழகத்துத் தியாகராஜனும் அவருடைய குழுவினரும் கீழாநெல்லியை ஆராய்ந்து, 1988இல் 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். செடியை உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் குருதியில் அந்த வைரஸின் அடையாளம் மறைந்ததாக அக்கட்டுரை கூறிற்று. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற இடங்களில் பின்னர் நடந்த ஆய்வுகள் அதே பலனைக் காட்டவில்லை. நம் ஊர்ச் செடி என்பதற்காக அதற்கு இல்லாத புகழைச் சூட்டுவது அறிவியலாகாது.

இந்த வைரஸ் சிலரது ஈரலில் ஆண்டுக்கணக்கில் ஓசையின்றித் தங்கிவிடும். 1989இல் இனங்காணப்பெற்ற ஹெபடைடிஸ் 'சி'யும் அத்தகையதே. 1983இல் கண்டறியப்பெற்ற எச்.ஐ.வி.யோ உடலின் காவற்படையையே மெல்ல மெல்ல அழிப்பது. இம்மூன்றில் ஒன்றைத் தாங்கியவர் மது அருந்தினால் கேடு இரட்டிக்கும். ஈரல் அழற்சி உடையவருக்கு ஈரல் சுருக்கம் விரைந்து வரும். எச்.ஐ.வி. உடையவர் நாள் தவறாது உண்ணவேண்டிய மாத்திரையை மறப்பார். மறந்தால் வைரஸ் பெருகும். மருந்துக்கு அடங்காத வைரஸும் தோன்றக்கூடும். மகளிர்க்கு இதில் ஒரு கூடுதல் இடர் உண்டு. ஆடவரைவிட அவர்கள் உடலில் நீரின் பங்கு குறைவு. இரைப்பையில் மதுவைச் சிதைக்கும் நொதியும் குறைவு. ஆகவே ஒரே அளவு மது அவர்கள் குருதியில் அதிகச் செறிவோடு கலக்கிறது.

"நம் நாட்டில் குடிக்கும் பெண்களும் உளரோ?" என்று மாணவர் சிலர் வியக்கலாம். அந்த வியப்பே நம் வரலாற்றின் விளைவுதான். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டு ஆடவரில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் மது அருந்துகிறார். பெண்களிலோ நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. கணக்கெடுப்பைப் பொய்யென்று நான் சொல்லவில்லை. வாசலில் வந்து நின்று கேட்டவரிடம் பெண்கள் சொன்ன விடை அது.

சங்க காலத்தில் இந்த மறைப்பு இல்லை. அதியமானும் ஔவையும் கள்ளைப் பகிர்ந்துண்டதைப் புறநானூறு ஒளிக்கவில்லை. திருக்குறளில் கள்ளுண்ணாமை அதிகாரத்திற்கு வரும்போது காட்சி மாறிவிடுகிறது. அங்கே தாய், குடித்த மகனைக் காண்பவளாக நிற்கிறாள். அன்றுமுதல் மதுவைப் பற்றிய நம் பேச்சிலெல்லாம் பெண்ணுக்கு அந்த ஓர் இடமே வாய்த்தது. 1921இல் ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலில் பெரியாரின் மனைவியார் நாகம்மையாரும் தங்கையார் கண்ணம்மாளும் முன்னின்றார்கள். 1937இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தபோதும் குடிகாரரின் மனைவியர் கண்ணீரே பெரிதாகப் பேசப்பட்டது. (குற்றாலத்தில் வாழ்ந்த இரசிகமணி டி.கே.சி.யின் நண்பராகவும் இராஜாஜியை இப்பகுதியார் நன்கு அறிவர்.) 1948இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது, 1971இல் தளர்ந்தது, 1974இல் மீண்டது, 1981இல் மறுபடியும் தளர்ந்தது. 1983இல் அரசு வாணிபக் கழகம் தோன்றி, 2003இல் சில்லறைக் கடைகளையும் தானே ஏற்றது. இத்தனை திருப்பங்களிலும் பெண் மறியல் செய்பவளாகவோ அடிபட்டவளாகவோதான் தோன்றுகிறாள். குடித்துப் பிணியுற்றவளாக ஓரிடத்திலும் இல்லை.

1986இல் ஒரு திருப்பம் நேர்ந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமன், தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் எச்.ஐ.வி. பற்றி ஆராயச் சொன்னார். நம் நாட்டில் அந்நோய் இராது என்றே பலரும் நம்பிய காலம் அது. நிர்மலா, அரசுக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளப் பெண்களின் குருதியைச் சேகரித்துத் தம் வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துக் காத்தார். பின்பு வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்று சோதித்தார். ஆறு மாதிரிகள் நோயைக் காட்டின. இந்தியாவில் அந்த வைரஸ் முதன்முதல் வெளிப்பட்டது இப்பெண்களிடத்தில்தான். அன்றைய சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அதை அறிவித்தார்.

கண்டுபிடித்தவர்களின் பெயர் வரலாற்றில் நிலைத்தது, அது தகும். குருதி கொடுத்த பெண்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் மாணவர்கள் அறியவேண்டும். நோய் கண்ட பெண்கள், தண்டனைக் காலம் முடிந்த பின்னும் காப்பகத்திலேயே வைக்கப்பட்டார்கள். நோயுற்றதே குற்றமாயிற்று. பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் நீதிமன்றத்தை நாடினார். 1990இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணையால் அவர்கள் வெளிவந்தனர்.

அத்தகைய பெண்களுக்குக் குடி பல வேளைகளில் வேலையின் நிபந்தனையாகவே அமைகிறது. வருகிறவன் குடிக்கச் சொன்னால் மறுக்க முடியாது. குடித்தபின் ஆணுறை வேண்டும் என்று வற்புறுத்தும் வலிமையும் குறையும். ஆயினும் நோயுற்ற மகளிர் எல்லாரும் அத்தொழிலினர் என்று எண்ணிவிடாதீர்கள். இந்நாட்டில் எச்.ஐ.வி. உற்ற பெண்களிற் பெரும்பாலோர் கணவன்வழி அதைப் பெற்ற குடும்பப் பெண்கள். கணவன் மாண்டபின், தனிமைக்கும் தூக்கமின்மைக்கும் மதுவை நாடியவர்களும் அவர்களில் உண்டு. இரண்டு மானக்கேடுகளைச் சுமக்கும் ஒருத்தி, நோயை மறைக்க முடியாதபோது குடியையேனும் மறைக்கத்தானே முயல்வாள்?

மறைக்க எண்ணாமலே மறைந்துபோகும் மதுவும் ஒன்று உண்டு. தென்காசியிலிருந்து செங்கோட்டை வழியே ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டினால் கேரளம். செங்கோட்டையே 1956 வரை திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. ஆகவே கேரள வைத்தியசாலைகளின் அரிஷ்டங்கள் இங்கே பல வீடுகளில் புழங்குகின்றன. பிள்ளைபெற்ற பெண்ணுக்குத் தசமூலாரிஷ்டம் கொடுப்பது பலர் வழக்கம். கஷாயத்தில் வெல்லமும் தாதகிப் பூவும் இட்டுப் புளிக்க வைத்தே அரிஷ்டம் செய்கிறார்கள். புளிப்பதனால் அதில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை சாராயச் சத்து தானே உண்டாகிறது. வைத்தியர் சொன்ன சிறு அளவை நலமுள்ள ஒருத்தி சில நாள் அருந்துவதைக் குறை கூற நான் வரவில்லை. ஈரலில் வைரஸை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அருந்துகிறவள் நிலை வேறு. "குடிப்பதுண்டா?" என்று மருத்துவர் கேட்டால் அவள் "இல்லை" என்பாள். அவள் பொய் சொல்லவில்லை. அவள் அறிந்தவரையில் அது மருந்து.

சிகிச்சைக்கு இன்று வழியில்லாமல் இல்லை. எச்.ஐ.வி.க்குரிய கூட்டு மருந்தை அரசு இலவசமாக வழங்கத் தொடங்கியது 2004 ஏப்ரலில். முதலில் தேர்ந்த மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. ஈரல் அழற்சி நோய்களுக்கான தேசியத் திட்டம் 2018 ஜூலையில் வந்தது. ஹெபடைடிஸ் 'சி'யைப் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் முற்றிலும் நீக்கும் மாத்திரைகள் உள்ளன. 'பி'யை அடக்கிவைக்கவும் மருந்து உண்டு. எச்.ஐ.வி. உற்றவரை வேறுபடுத்தி நடத்துவதும், இசைவின்றி அவரது நிலையை வெளியிடுவதும் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளன. ஆனால் எச்.ஐ.வி. உடையவர்க்கு எளிதில் பற்றும் காசநோய்க்குரிய ஐசோனியாசிடும் ஈரலைத் தாக்கக் கூடியது. குடியும் உடன் சேர்ந்தால் அபாயம் மிகும். அதனால் மருந்து தருகிறவர் உண்மையை அறிந்தே ஆகவேண்டும்.

கேள்வி கேட்பது ஆசிரியத் தொழிலில் பாதி. "படித்தாயா?" என்று கேட்டால் வகுப்பு முழுவதும் "படித்தேன்" என்றுதான் சொல்லும். உலக சுகாதார நிறுவனம் 1989இல் வெளியிட்ட மதுப்பழக்க வினாத்தாளில் பத்து வினாக்கள் உண்டு. அதன் முதல் வினா "குடிப்பாயா?" என்பதன்று, எத்தனை நாளுக்கு ஒருமுறை அருந்துவது வழக்கம் என்பதே. "ஒருபோதும் இல்லை" என்பதும் விடைகளுள் ஒன்று. ஆனால் "எப்போதாவது" என்பதைக் கூச்சமின்றிச் சொல்ல அவ்வினா இடம் தருகிறது. அந்த வினாத்தாளைத் தென்காசிப் பக்கத்து மருத்துவமனையில் பயன்படுத்தும் செவிலியர், பீர், பிராந்தி என்ற பெயர்களோடு நில்லாமல், கள், அரிஷ்டம், உடல்வலிக்கென்று இரவில் எடுத்துக்கொள்ளும் ஒரு மூடி என்று இவற்றையும் பெயர் சொல்லிக் கேட்கவேண்டும். கணவனும் மாமியாரும் அறைக்கு வெளியே இருக்கும்போது கேட்கவேண்டும்.