பாலில் கலந்த ஆபத்தும் கடற்பாசியின் பிடியும்

பபிள் டீயில், கடித்தவுடன் ‘டப்’ என்று வெடித்து வாய்க்குள் சாறு விடும் சின்ன உருண்டைகள் உங்களுக்குப் பிடிக்குமா? அந்த உருண்டையின் மெல்லிய தோல் கடற்பாசியிலிருந்து வருகிறது. அதன் பெயர் அல்ஜினேட். 60 வருடங்களுக்கு முன்பு, பிள்ளைகளின் எலும்புகளைக் காப்பாற்ற இதே பொருள் உதவுமா என்று விஞ்ஞானிகள் தேடினார்கள். அந்தக் கதையை இன்று சொல்கிறேன்.

ஸ்கொட்லாந்துக் கரையோர மக்கள் பழுப்புக் கடற்பாசியை எரித்து, அந்தச் சாம்பலை விற்றார்கள். அதிலிருந்து அயடீன் எடுத்தார்கள். எரிப்பதால் நல்ல பொருள்கள் வீணாகின்றன என்று எட்வர்ட் ஸ்டான்போர்ட் என்ற வேதியியலாளர் நினைத்தார். அவர் பாசியைச் சோடா நீரில் ஊறவைத்தபோது, பிசுபிசுப்பான ஒரு பொருள் கிடைத்தது. 1881ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதுதான் அல்ஜினேட்.

அல்ஜினேட் என்பது சர்க்கரைத் துண்டுகள் கோத்த நீண்ட மாலை. அதில் பல இடங்களில் எதிர் மின்னேற்றம் இருக்கிறது. நீரில் கரைந்த உலோகங்களுக்கு நேர் மின்னேற்றம் இருக்கும். அவற்றை அயன்கள் என்கிறோம். சோடியம் அயனுக்கு ஒரு மின்னேற்றம்தான். அதனால் மாலைகள் தனித்தனியாக மிதக்கும். கல்சியம் அயனுக்கு இரண்டு. அது இரண்டு மாலைகளைச் சேர்த்துப் பிடிக்கும். உடனே கரைசல் ஜெல்லியாகும். பபிள் டீ உருண்டையின் தோல் உருவாவது இப்படித்தான்.

இப்போது 1950களுக்கு வாருங்கள். பெரிய நாடுகள் திறந்த வெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தன. அந்தத் தூசியில் ஸ்ட்ரோன்சியம்-90 என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது. அது புல்லில் விழுந்தது. மாடு புல்லைத் தின்றது. பிள்ளைகள் பாலைக் குடித்தார்கள். ஸ்ட்ரோன்சியம் கல்சியத்தைப் போலவே நடந்துகொள்ளும். அதனால் வளரும் எலும்பும் பல்லும் அதை உள்ளே சேர்த்துக்கொண்டன. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1958 முதல் பிள்ளைகள் விழுந்த பாற்பற்களை ஆய்வுக்குக் கொடுத்தார்கள். லட்சக்கணக்கான பற்கள் சேர்ந்தன!

எலும்புக்குக் கல்சியம் வேண்டும், ஸ்ட்ரோன்சியம் வேண்டாம். ஒரே மாதிரியான இரண்டையும் எப்படிப் பிரிப்பது? கனடாவில் மொன்றியல் நகரின் மக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளுக்கு அல்ஜினேட் கொடுத்துப் பார்த்தார்கள். 1964ல் முடிவை வெளியிட்டார்கள். அல்ஜினேட் குடலுக்குள்ளேயே ஸ்ட்ரோன்சியத்தைப் பிடித்துக்கொண்டது. உடலுக்குள் போன அளவு குறைந்தது. கல்சியத்தை அது அவ்வளவாகத் தடுக்கவில்லை.

ஏன் அப்படி? இந்த மாலையில் இரண்டு வகைச் சர்க்கரைகள் இருக்கின்றன. அவற்றில் குலுரோனிக் அமிலம் என்பது வரிசையாக வரும் இடங்களில் மாலை வளைந்து நெளிந்து, சின்னக் குழிகள் உண்டாகின்றன. இரண்டு மாலைகள் எதிரெதிரே நின்றால், முட்டைப் பெட்டியில் முட்டை இருப்பதுபோல் அயன் குழிக்குள் உட்காரும். இங்கிலாந்து ஆய்வாளர்கள் 1973ல் இந்த விளக்கத்தைத் தந்தார்கள். ‘முட்டைப் பெட்டி’ என்றே பெயரும் வைத்தார்கள். கல்சியத்தைவிடச் சற்றுப் பெரிய ஸ்ட்ரோன்சியத்தை அந்தக் குழிகள் இன்னும் இறுக்கமாகப் பிடிக்கின்றன.

ஆனால் பாசி குடலில் இருப்பதைத்தான் பிடிக்கும். எலும்புக்குள் போய்ச் சேர்ந்ததை வெளியே எடுக்காது. வானத்திலிருந்து விழும் தூசியையும் நிறுத்தாது. அதற்கு மனிதர்கள்தான் முடிவெடுக்க வேண்டியிருந்தது. 1963ல் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், பிரிட்டன் மூன்றும் திறந்த வெளியில் அணுகுண்டு சோதிப்பதில்லை என்று ஒப்பந்தம் செய்தன.

அடுத்த முறை அந்த உருண்டை வாயில் வெடிக்கும்போது, பல்லைக் கொடுத்த அந்தப் பிள்ளைகளையும் ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.