கடவுச்சொல் போதாமற்போன கதை

பல்கலைக்கழகக் கணக்கினுள் நுழையக் கடவுச்சொல்லுடன் கைபேசிக்கு வரும் எண்ணையும் கேட்பது இன்று பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. வீண் தொல்லை என்று அலுத்துக்கொள்வோர் நம்மிடையே உண்டு. இந்த இரண்டாம் பூட்டு ஏன் தேவைப்பட்டது என்பதை அறிய, முதல் பூட்டின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம். அதுவும் ஒரு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய கதைதான்.

1961-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கோர்பட்டோவின் குழுவினர், ஒரே கணினியைப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்தும் நேரப்பகிர்வு முறையைச் செய்து காட்டினார்கள். பலர் புழங்கும் வீட்டில் அவரவர் பெட்டிக்குப் பூட்டு வேண்டுமல்லவா? கடவுச்சொல் அப்படித்தான் கணினிக்குள் வந்தது. வெளியிலிருந்து வரும் பகைவரை அன்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

1962-இலேயே அந்தப் பூட்டு திறந்துகொண்டது. ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு வாரத்துக்கு நான்கு மணி நேரமே கணினி கிடைத்தது. அவருடைய ஆய்வுக்கு அது போதவில்லை. கடவுச்சொற்கள் இருந்த கோப்பை அச்சிடச் சொல்லி ஒரு துளையட்டையைக் கொடுத்தார். முழுப் பட்டியலும் அச்சாகிக் கைக்கு வந்தது. பல்லாண்டுகள் கழித்தே அவர் இதை வெளியே சொன்னார்.

பூட்டைப் பயன்படுத்துவோரும் அதை வலுப்படுத்தவில்லை. 1979-இல் ராபர்ட் மோரிஸும் கென் தாம்ப்சனும் வெளியிட்ட ஆய்வில், திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 86 விழுக்காடு எளிதில் கண்டுபிடிக்கத்தக்கவை என்று தெரிந்தது.

எனினும் பெரிய பாடம் 2018-இல் வந்தது. அவ்வாண்டு மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை ஈரானியர் ஒன்பது பேர் மீது குற்றம் சாட்டியது. அமெரிக்காவில் 144, பிற 21 நாடுகளில் 176 பல்கலைக்கழகங்கள் குறிவைக்கப்பட்டன என்றும், ஏறத்தாழ 8,000 பேராசிரியர்களின் கணக்குகள் கைப்பற்றப்பட்டன என்றும் குற்றப்பத்திரிகை கூறியது. கையாண்ட வழிதான் நம்மை உறுத்துகிறது. வேற்றுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் எழுதுவதுபோல மடல் வரும். உங்கள் கட்டுரையைப் படித்தேன், இவற்றையும் படிக்க விரும்புகிறேன் என்று சில சுட்டிகள் இருக்கும். சுட்டியைத் தொட்டால் தம் பல்கலைக்கழகத்தின் நுழைவுப் பக்கம் போன்ற ஒரு போலிப் பக்கம் திறக்கும். அறிஞர் தம் கையாலேயே கடவுச்சொல்லை எழுதிக் கொடுத்துவிடுவார். அதில் எத்தனை எழுத்து, எத்தனை குறி இருந்தாலும் பயன் என்ன?

இங்கேதான் இரண்டாம் பூட்டின் பொருள் விளங்குகிறது. மனத்தில் உள்ள சொல்லோடு கையில் உள்ள ஒரு பொருளும் சேர வேண்டும் என்பதே அதன் விதி. சொல் களவு போனாலும் பொருள் நம்மிடமே இருக்கும். இதிலும் ஓட்டை உண்டு. போலிப் பக்கம் கைபேசி எண்ணையும் கேட்டு வாங்கி, அந்நொடியே உண்மைப் பக்கத்தில் இட்டுவிடலாம். ஒப்புதல் கேட்டு நள்ளிரவில் ஓயாமல் மணியடித்தால், சலிப்பில் ஒருவர் சரியென்று அழுத்திவிடலாம். ஆகவே, 2014-இல் ஃபைடோ கூட்டமைப்பு வெளியிட்ட தரவரையறையில் அமைந்த சாவிகள் வந்தன. அவை தளத்தின் முகவரியோடு பிணைக்கப்பட்டவை. முகவரி மாறினால் பதில் தரமாட்டா. மனிதக் கண் ஏமாறும் இடத்திலும் அவை ஏமாறுவதில்லை.

முகமறியாத ஒருவர் நம் கட்டுரையைப் படித்துவிட்டு மடல் எழுதுவதும், நாம் மகிழ்ந்து பதில் எழுதுவதும் கல்வியுலகின் உயிர்நாடி. களவாடியவர்கள் பயன்படுத்திக்கொண்டது அந்த நம்பிக்கையைத்தான். அதற்காக ஒவ்வொரு மடலையும் ஐயத்தோடு பார்க்கப் பழகிவிட்டால் இழப்பு நமக்கே. ஐயப்படும் வேலையைச் சிறு சாவி ஒன்று ஏற்றுக்கொள்ளுமானால், அந்தச் சில நொடித் தொல்லையை நாம் பொறுத்துக்கொள்ளலாம்.